நடுவில் போட்ட முக்காலி

காலில் மாட்டும் இரும்புக் காலிப்பரின் தோல்வார் இன்று காலை அறுந்துவிட்டது. தைத்து வாங்கிய புது வாரில் பச்சைத் தோல் நாற்றம். போலியோ காலில் அதை இறுக்கும்போது உன் குரல் காதில் விழுந்தது போலிருந்தது. "கால்லதான இரும்பு, மூஞ்சிலயுமாடி?" நீ போய் ஒரு மாதமாகிறது. விலாசம் இல்லாத இடத்துக்குப் போனவளுக்கு எழுதுகிறேன். என் பிடிவாதம் உனக்குத் தெரியாததா?

எழுபதுகளின் பாதியில் எனக்கு ஊர் என்றால் எங்கள் வீட்டு ஜன்னல்தான். பள்ளிக்கூடம் எட்டாவதோடு நின்றுவிட்டது. அப்பா மேரியில், அதாவது நகராட்சி ஆபீசில், எழுத்தர். "வெளிய போனா நாலு பேரு பாப்பாங்க" என்று அம்மா சொல்லும்போது அவர் வாயே திறக்க மாட்டார். அவருக்கும் அதுதான் சம்மதம் என்று நானாக முடிவு கட்டிக்கொண்டேன்.

நீ கிளிஞ்சல்மேட்டிலிருந்து உன் அம்மாவோடு மீன் கொண்டு வருவாய். அவர் கூடையை இறக்கி விலை பேசும் நேரத்தில் நீ என் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பேசுவாய்.

"மாதா கோயில் ஹால்ல சனிக்கிழம கோலாட்டம் சொல்லித் தர்றாங்க. வாடி."

"நொண்டிக்கு என்னடி கோலாட்டம்?"

"சிஸ்டரு யாரு வந்தாலும் சேத்துக்குறாங்க. கை ரெண்டும் நல்லாத்தான இருக்கு?"

சிஸ்டர் நடத்தும் தையல் வகுப்பு என்று வீட்டில் சொன்னதும் அம்மா விட்டுவிட்டார். பையில் ஊசி, நூல், பாதி தைத்த ஒரு கைக்குட்டை. ஒரு வருஷமாகியும் அது முடியவில்லை, அம்மாவும் கேட்கவில்லை.

முதல் நாள் இரண்டாவது சுற்றிலேயே விழுந்தேன். டவுன் பெண்கள் இரண்டு பேர் சிரித்தார்கள். மீன் வாடை என்று உன் பக்கத்தில் நிற்க மூக்கைச் சுளித்தவர்களும் அவர்கள்தான். நீ மூலையில் கிடந்த முக்காலியை இழுத்து வந்து வட்டத்தின் நடுவில் போட்டாய். "நீ சுத்தாட்டி என்ன, நாங்க உன்னச் சுத்துறோம்." ஒவ்வொருத்தியும் உள்ளே வந்து என் கோலில் தட்டிவிட்டுப் போக வேண்டும் என்றாய். சிஸ்டர் கொஞ்சம் யோசித்துவிட்டுத் தலையாட்டினார். நான் வேகமாகத் தட்டினால் எல்லாரும் வேகமாக ஆட வேண்டும். அவ்வளவு சந்தோஷம் எனக்கு அதற்குமுன் வாய்த்ததில்லை. சிரித்த பெண்கள் மூன்றாம் மாதம் உனக்குத் தலை பின்னிப் பூ வைத்துக்கொண்டிருந்தார்கள்.

மறு வருஷம் மாதா திருவிழாவுக்கு ஆடுவதாக முடிவானது. அந்த நேரம் பார்த்து உனக்குப் பரிசம் போட்டுவிட்டார்கள். பரிசம் போட்ட பெண் கல்யாணம்வரை வேலி தாண்டக்கூடாது என்றார் உன் அப்பா. உன் அம்மாவிடம் சொல்லியனுப்பியிருந்தாய். கூடையை இறக்காமலே அவர் சொன்னார்: "ஒங்கப்பா வந்து ஒரு வார்த்த சொன்னா இவரு கேப்பாரும்மா. எங்க மீன்புடி போட்டுக்கு மனு எழுதிக் குடுத்தவரு பேச்ச தட்ட மாட்டாரு. ஆடிட்டு வந்துறட்டும், ஒரே அழுவாச்சி."

சரி என்றேன். ஆனால் அப்பாவிடம் கேட்டால் கோலாட்டம் வெளிவந்துவிடும். மறுபடியும் அந்த ஜன்னலா என்று பயந்தேன். இன்று கேட்கலாம், நாளை கேட்கலாம் என்று மூன்று வாரம் ஓட்டினேன். கேட்கவில்லை.

திருவிழாவில் நீ இல்லாமல் ஆடினோம். பாதியில் நிமிர்ந்து பார்த்தால், யார் சொன்னார்களோ, ஹால் வாசலில் அப்பா. என் தட்டு தப்பியது. வீட்டுக்குப் போகும் வழியில் அவர் சொன்னது இவ்வளவுதான்: "சொல்லியிருந்தா நானே கொண்டாந்து விட்டிருப்பேனேம்மா." அப்படியென்றால், நான் கேட்டிருந்தால் உன் வீட்டுக்கும் அன்றைக்கே சைக்கிளை எடுத்திருப்பார்.

நீ மண்டபத்தூரில் வாழ்க்கைப்பட்டாய். இரண்டு வருஷம் கழித்து மார்க்கெட்டில், இடுப்பில் குழந்தையோடு கேட்டாய். "ஒங்கப்பா ஏண்டி வரல? வேலிகிட்டயே நின்னு பாத்துக்கிட்டிருந்தேன்."

"கேட்டேன்டி. அடுத்த வீட்டு விஷயத்துல தலையிட மாட்டேன்னுட்டாரு."

"அது சரி" என்றாய். அதன்பிறகு என் அப்பாவைக் கண்டால் நீ பேசாமல் போய்விடுவாய்.

சனிக்கிழமை வகுப்பை இப்போது நான்தான் நடத்துகிறேன். நெரவியிலிருந்து நடவுக்குப் போகும் பெண்கள் இரண்டு பேர் வருகிறார்கள். காது கேளாத ஒருத்தி பக்கத்திலிருப்பவள் தோளைப் பார்த்தே தாளம் பிடித்துவிடுகிறாள். எவளாவது இரண்டு வாரம் வராவிட்டால் அவள் வீட்டுக்கே போய் நிற்கிறேன். சில அப்பாக்கள் திட்டுகிறார்கள், சிலர் அனுப்புகிறார்கள். டீச்சருக்கு எவ்வளவு அக்கறை என்று அம்மாக்கள் பேசிக்கொள்வது காதில் விழுந்தால் எரிச்சல்தான் வருகிறது.

உன் சாவுக்கு, தள்ளாத வயதிலும் அப்பா வந்திருந்தார். திரும்பும்போது பஸ்ஸில் மெதுவாகக் கேட்டார். "அந்தப் பொண்ணு கடைசி வரைக்கும் எங்கிட்ட பேசலியேம்மா. நான் என்ன தப்பு பண்ணேன்?"

அவர் ஒரு தப்பும் பண்ணவில்லையடி. நான் அவரிடம் கேட்கவே இல்லை. இதை உனக்கு எழுதிவிட்டேன். அவர் அடுத்த அறையில்தான் இருக்கிறார், அவரிடம் இன்னும் சொல்லவில்லை.