தும்பியின் சந்தேகங்கள்

ஜூலை 8
இயற்பியல் மிஸ் இன்றும் மாட்டினார். பாவம், அவர் படித்தது விலங்கியல். ஆள் இல்லை என்று இயற்பியலில் பிடித்துத் தள்ளிவிட்டார்கள். எதைக் கேட்டாலும் "நாளைக்குச் சொல்றேன்" என்பதால் வகுப்பில் அவர் 'நாளைக்கு மிஸ்'. பெயர் வைத்த புண்ணியம் எனக்கே. இன்று நான் கேட்டது: "காக்கா ஒரு கால மின்கம்பியிலயும் இன்னொரு கால இரும்புக் கம்பத்துலயும் வச்சா என்ன ஆகும் மிஸ்?"

நாளைக்காம்.

மாலையில், நான் வழக்கமாகப் பார்க்கும் பாட வீடியோவுக்குக் கீழே 'தும்பி' என்று ஒருவர் சந்தேகம் கேட்டிருக்கிறார். அதே காக்கா! அதே இரண்டு கால்! 'மின்னல்' என்ற என் பெயரில் விளக்கமாக எழுதி, "சுருக்கமா, வறுத்த காக்கா" என்று முடித்தேன்.

ஜூலை 9
மிஸ் அழகாக விளக்கினார். கடைசியில், "சுருக்கமா, வறுத்த காக்கா." வகுப்பே கைதட்டியது. நான் மேசைக்கடியில் தலையை விட்டுச் சிரித்து, விக்கலே வந்துவிட்டது.

ஜூலை 15
பகலில் நான் கேட்கிறேன். மாலையில் தும்பி கேட்கிறது, மின்னல் சொல்கிறது. மறுநாள் மிஸ் சொல்கிறார். ராஜ வாழ்க்கை!

இன்றையது: நாற்பது வாட் பல்பையும் நூறு வாட் பல்பையும் தொடராக இணைத்தால் எது பிரகாசமாக எரியும்? நூறுதான், இதில் என்ன யோசனை. அக்கா சாப்பிடக் கூப்பிட்டாள். ஒரே வரியில் எழுதிவிட்டு ஓடினேன்.

ஜூலை 16
ஐயோ. நாற்பதுதான். அதற்குத்தான் மின்தடை அதிகம். மிஸ் பலகையில் 'நூறு' என்று எழுதி, முப்பத்தெட்டுப் பேரும் பார்த்து எழுதிய பிறகு, வீட்டுக்கு வந்து வீடியோவைப் பார்த்தபோதுதான் உறைத்தது. நாளை மறுநாள் தேர்வு. எல்லாருக்கும் என்னால மார்க் போகும். மிஸ்ஸைத்தான் கிழிப்பாங்க. பாக்காம எழுதற அளவுக்கு எனக்கு என்ன திமிரு?

தும்பிக்கு எழுதினேன்: "நான் சொன்னது தப்பு. நாற்பதுதான். மன்னிச்சிருங்க."

ஜூலை 17
"நேத்து சொன்னது தப்பு. சரிபாக்காம சொன்னது என் தப்பு" என்று மிஸ் அழித்து எழுதினார். பின்னாலிருந்து ஒருவன், "இன்னைக்கு இது, நாளைக்கு என்ன, நாளைக்கு மிஸ்?" என்றான். ஒரே சிரிப்பு. மிஸ்ஸின் காது சிவந்தது. அவனை அறையலாம் போல இருந்தது — ஆனால் பெயர் நான் வைத்ததாச்சே. அழுகை வந்தது.

ஜூலை 21
இன்று நிஜமாகவே தெரியாமல் நான் தும்பியிடம் கேட்டேன்: பல்பு ஏன் பெரும்பாலும் சுவிட்சைப் போடும் நொடியிலேயே பியூஸ் போகிறது?

நாலு நிமிடத்தில் பதில் வந்தது.

"எனக்கும் தெரியலம்மா. வெள்ளிக்கிழமை மதியம் ஆய்வகத்துக்கு வா, சேர்ந்து பாத்துடலாம். பல்பு நான் எடுத்துட்டு வர்றேன்."