ராசப்பன் வேட்டுக்கு வெட்டிய அகழி

புதுச்சத்திரம்
12-5-1982

சாமி தண்டாயுதபாணிக்கு, பெறாத அப்பனாகிய உன் சித்தப்பன் நாச்சிமுத்து எழுதுவது. நானும் உன் அம்மாவும், பிரசவத்துக்கு வந்திருக்கும் உன் அக்கா சென்னியம்மாளும் உயிரோடு இருக்கிறோம். சுகமா என்று நீ கேட்டாலும் காதில் விழாது, வேட்டுச் சத்தத்தில் மூன்று ஜில்லாவுக்குக் காது போய்விட்டது. நீ படிக்கிற கான்பூரில் உன் கட்டில் ஆடவில்லையா?

பங்காளி ராசப்பன் கிணற்றை ஆழமாக்க வேட்டு வைக்கிறான். முதல் வேட்டுக்கே நம் வீட்டுச் சுவர் கை நுழையப் பிளந்து, சென்னியம்மாள் தலைமாட்டில் ஒரு கல் விழுந்தது. கிணற்றுக்கு அந்தப் பக்கம், கூப்பிடு தூரத்தில் இருக்கிற அவன் வீட்டிலோ ஒரு சொம்பு உருளவில்லை. நிறைமாசப் புள்ளை படுத்திருக்குதப்பா, கொஞ்சம் தள்ளிப் போடு என்று கேட்கப் போனேன். ஏனுங்கண்ணா, கெணத்தோரமா இருக்கிற எங்கூடே ஆடலீங்க, கடப்பாறையில நீங்களே இடிச்சுப்போட்டு எங்கிட்ட வந்து அழுவறீங்களா என்றான். நான் அவன் குடுமியைப் பிடித்தேன், அவன் என் வேட்டியைப் பிடித்தான், இரண்டு மத யானைகளை ஊரே கூடிப் பிரித்தது. என் பல் ஒன்று இன்னும் அவன் தோளில்தான் இருக்கிறது.

அன்றைக்குத்தான் பொங்கலுக்கு வந்தபோது நீ சொன்னது உறைத்தது. மெத்தென்றதும் கெட்டியும் சட்டென்று ஒட்டிக் கிடந்தால் வருகிற அதிர்வில் ஒரு பங்கு முட்டித் திரும்பும், ஒன்று மற்றதாகக் கொஞ்சங்கொஞ்சமாக மாறினால் தடையில்லாமல் ஊடுருவிப் போய்விடும் என்றாய், இதற்கா படிப்பு என்று சிரித்தேன். நம் பக்கம் கரும்பாறை உளுத்துச் சுக்காம்பாறையாகி, சரளையாகி, செம்மண்ணாகிக் கனிந்து வருகிறது, வேட்டுக்குப் பந்தல் போட்டு மேளம் வைத்து நாமே அழைத்திருக்கிறோம். அவன் பக்கம் செங்குத்துப் பாறைமேல் வண்டல் மண்ணைக் கொட்டிக் கட்டிய வீடு, வேட்டு வாசலிலேயே திரும்பிவிடுகிறது.

சென்னியம்மாளை வேறு வீட்டுக்குத் தூக்கிப்போகலாமென்றால், அசைத்தால் கழுத்தை அறுப்பேன் என்று மருத்துவச்சி கண்ணாத்தாள் கத்தியைக் காட்டினாள். ஆகவே வேட்டு நடந்து வருகிற அந்த மண் பந்தலையே குறுக்கே அறுப்பதென்று, வரப்புக்கு இந்தப் பக்கம் பாதாள லோகம் தெரிகிற அளவுக்கு அகழி வெட்டினேன். நான் வரப்பைத் திருடுவதாக நினைத்து ராசப்பன் அரிவாளோடு பாய்ந்தான். மண்வெட்டிக் காம்பு இரண்டாயிற்று, காம்பு குறுக்கே இல்லையென்றால் இந்தக் கடிதத்தை என் முண்டம்தான் எழுதியிருக்கும்.

அடுத்த வேட்டு வெடித்தபோது பகலிலேயே நட்சத்திரம் உதிர்ந்தது. நம் சுவரில் ஒரு பொட்டு மண் உதிரவில்லை. அந்தச் சத்தத்திலேயே சென்னியம்மாள் பெண்ணைப் பெற்றாள், தாயும் சேயும் நலம். மீசையை முறுக்கிக்கொண்டு அகழிக்கரையில் நின்றேன். அப்போதுதான் எதிர்ப்பக்கம் அலறல் கேட்டது. வண்டல் கொட்டாமல் வெறும் பாறைமேலேயே கட்டிய ராசப்பனின் மாட்டுக்கொட்டகைச் சுவர் சரிந்து, பால் கறந்துகொண்டிருந்த அவன் பெண்டாட்டி பாப்பாயி அதன் அடியில் கிடந்தாள். அவனும் நானும் சேர்ந்து கல்லைப் பிடுங்கினோம். கால் எலும்பு வெளியே வந்துவிட்டது. நாமக்கல் ஆஸ்பத்திரியில் இருக்கிறாள், நடப்பாளா என்று டாக்டர் சொல்ல மாட்டேனென்கிறார். உன் அம்மா தினமும் கஞ்சி கொண்டுபோகிறாள். ராசப்பன் என்னைத் திட்டினால்கூடத் தேவலை, எம்பட வேட்டைத் திருப்பி எனக்கே உட்டுப்போட்டீங்களேண்ணா என்று மட்டும் சொல்கிறான்.

வேளைக்குச் சாப்பிடு, நூறு வருஷம் நன்றாக இரு. முட்டியது திரும்பும் என்றாய், திரும்பியது எங்கே போய் விழும் என்று நானும் கேட்கவில்லை, நீயும் சொல்லவில்லை. கிணற்றில் இன்னும் தண்ணீர் காணவில்லை. உன் பதில் வரும்வரை திரி கொளுத்துவதில்லை என்று ராசப்பன் சொல்லியிருக்கிறான், தபால்காரரை எதிர்பார்த்து இருவரும் ஒரே வரப்பில்தான் உட்கார்ந்திருக்கிறோம்.

ஆசீர்வாதத்துடன்,
உன் சித்தப்பன்
நாச்சிமுத்து