குண்டு பாடுகிறது

மார்ச் 6
குண்டுக் கரிச்சான் திரும்பி வந்துவிட்டது. எதிர்வீட்டு ஆன்டெனா உச்சியில் உட்கார்ந்து, விடிவதற்குள் ஒரு கச்சேரியையே முடித்துவிட்டது. கறுப்பு உடம்பு, வெள்ளை வயிறு, இறக்கையில் வெள்ளைப் பட்டை, எந்நேரமும் தூக்கிய வால். இத்தனை இனிமையும் ஜோடிக்காக மட்டுமில்லை. ‘இது என் இடம், எவனும் வராதே’ என்ற மிரட்டலும் அதில் சேர்த்தி. போனில் அக்காவுக்குச் சொன்னேன். அக்காவுக்குக் காது மந்தம், தொண்டை கிழியக் கத்த வேண்டும்.

மார்ச் 9
மேல்வீட்டு டீச்சரும் காலையில் பாட்டுப் பழகுகிறார். இன்று படியில் பார்த்து, “பல் செட் வேலையெல்லாம் எப்படிப் போகுது?” என்றார். “நல்லா கடிக்குதுங்க” என்றேன். சிரித்தார்! நானும் தனிக்கட்டை, அவரும் தனிக்கட்டை. சும்மா எழுதி வைக்கிறேன்.

மார்ச் 16
பெண் வந்தாயிற்று. சாம்பல் நிறம். குளியலறைச் சுவரில் பழைய குழாய் இருந்த ஓட்டைக்குள் கூடு. நாரும் வேரும் சுமப்பது அவள், கம்பியில் உட்கார்ந்து பாடுவது ஐயா.
“அப்படியே உன் மாமாதான்டா” என்றாள் அக்கா.

மார்ச் 20
டீச்சர் இரண்டு மூன்று நாளாகப் பாடவில்லை. உடம்பு சரியில்லையோ என்று படியில் நின்று விசாரித்தேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். ஏன்? நான் என்ன பண்ணினேன்? பல் செட் செய்ய நான் வீட்டில் பிளாஸ்டர் அச்சைத் தட்டி உடைக்கிற சத்தமா?

மார்ச் 21
வேலை ஓடவில்லை. கடைவாய்ப் பல்லை முன்பல் இடத்தில் வைத்துவிட்டேன். அந்தச் சிரிப்பு இல்லாமல் இந்தப் படியில் ஏறி இறங்கவே பிடிக்கவில்லை.

மார்ச் 24
அக்காவிடம் புலம்பினேன்.
“தினம் காலைல என்கிட்ட என்னடா கத்துற?”
“குண்டு பாட ஆரம்பிச்சிடுச்சுன்னு...”
“அப்புறம்?”
“குண்டு கத்திக் கத்தித் தூக்கத்தைக் கெடுக்குதுன்னு. குண்டு ஆட்டி ஆட்டி நடக்குதுன்னு.”
“அந்த டீச்சர் ஆள் எப்படி?”
“கொஞ்சம் பூசினாப்புல—”
ஐயையோ.
ஊரார் வாயைச் சரிபண்ணிப் பிழைக்கிறவன் நான். என் வாயைப் பார்!

மார்ச் 26
மாடியேறிப் போய்ச் சொல்லிவிட்டேன்.
“நான் சொன்ன குண்டு நீங்க இல்லீங்க. அது ஒரு பறவை. முழுப்பேர் குண்டுக் கரிச்சான்.”
“ஓ, குண்டு மட்டும் இல்ல, கரியும் உண்டா?”
கதவு சாத்தப்பட்டது. நிறத்தையும் இழுத்துவிட்டேன் போலிருக்கிறது. போகாமலே இருந்திருக்கலாம்.

ஏப்ரல் 5
பறவையையே சாட்சிக்குக் கூப்பிடலாம் என்றால், துரை பாட்டைக் குறைத்துக்கொண்டார். குஞ்சு பொரித்துவிட்டது. இரண்டு பேரும் புழு சுமக்கிறார்கள். வேண்டும்போது எவன் பாடுகிறான்?

ஏப்ரல் 8
காலையில் வாசலில் ரகளை. டீச்சரின் ஸ்கூட்டர் கண்ணாடியில் தெரிந்த ‘இன்னொருத்தனோடு’ கரிச்சான் சண்டை! கொத்துகிறது, சீறுகிறது, பின்னால் போய்த் தேடுகிறது, திரும்பவும் கொத்துகிறது. வண்டி முழுக்க எச்சம். டீச்சர் வந்து அப்படியே நின்றுவிட்டார். வாலைத் தூக்கி, நெஞ்சை நிமிர்த்தி, அவரையும் ஒரு முறை முறைத்தது.
“இதுதான் அதுவா?”
“ஆமாங்க.”
“இது ஒண்ணும் அவ்வளவு குண்டா இல்லையே.”
“இங்க யாருமே குண்டு இல்லீங்க” என்றேன்.
முறைத்தார். பிறகு தோள் குலுங்கியது, அப்புறம் வாய்விட்டே சிரித்தார். எனக்கு உயிர் வந்தது. வண்டியைத் துடைத்து, கண்ணாடிக்கு என் பழைய காலுறையை மாட்டிவிட்டேன்.

ஏப்ரல் 9
மேலே பாட்டு! இடம் பறிபோகிறது என்று கரிச்சானும் புழுவைப் போட்டுவிட்டுப் பதிலுக்குப் பாடியது. அக்காவிடம் இனிமேல் ‘அந்தப் பறவை’ என்றுதான் சொல்வேன்.

ஏப்ரல் 19
குஞ்சுகள் கூட்டைவிட்டு வெளியே வந்தன. மார்பில் புள்ளி, மொட்டை வால், கொள்ளைத் திமிர். டீச்சரும் கூட நின்று பார்த்தார். திடீரென்று, “நானும் ஒண்ணு சொல்லிடணும்” என்றார். “என் தங்கச்சிகிட்ட உங்களை மரங்கொத்தின்னுதான் சொல்லுவேன். நாளெல்லாம் டொக்கு டொக்குன்னு தட்டுறீங்க. மூக்கும் வேற...”
உள்ளே போய்க் கண்ணாடியில் பார்த்தேன். மறுப்பதற்கில்லை.

ஏப்ரல் 21
மரங்கொத்தியை மாடிக்குச் சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறார்கள். சட்டைக்கு இஸ்திரி போட வேண்டும்.