அம்புஜவல்லிக்குக் காட்டிய வண்டி

விருத்தாசலம்,
புதன்கிழமை மதியம்.

அன்பு மகன் மணிபாரதிக்கு அம்மா எழுதுவது. இங்கே அப்பாவும் நானும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், மஸ்கட்டில் வெயில் தணிந்ததா, உன் தொண்டை வலி விட்டதா என்று தெரிந்தால் மனசு நிம்மதியாகும். போனில் பேசினால் எனக்கு வார்த்தை வராது, நீயும் பாதியிலேயே சரிம்மா சரிம்மா என்று வைத்துவிடுவாய், அதனால்தான் தாளில் எழுதிப் போட்டோ எடுத்து அனுப்புகிறேன், கடைசிவரை படி. தேவி சித்திக்குப் பஸ் ஸ்டாண்டு பக்கம் வாடகைக்கு வீடு கிடைத்துவிட்டது, பால் காய்ச்சப் போய்வந்தோம். நம் தெருவில் குழாய்க்குத் தோண்டிய பள்ளத்தை இன்னும் மூடவில்லை.

உன் கார் விஷயம்தான் எழுத உட்கார்ந்தேன். நீ போன பிறகு அதை நான்தானே ஓட்டுகிறேன், கிளட்ச் இல்லாத வண்டி என்பதால்தான் எனக்குத் துணிச்சலே வந்தது. இரண்டு மாதமாக அது சரியில்லை. காலையில் எடுத்தால் பூப்போலப் போகும், மங்கலம்பேட்டை தாண்டி நன்றாகச் சூடானதும் இரண்டாம் கியரிலிருந்து மூன்றுக்கு மாறும் இடத்தில் எஞ்சின் மட்டும் கத்தும், வண்டி இழுக்காது, பிறகு யாரோ பின்னாலிருந்து உதைத்த மாதிரி ஒரு குலுக்கல். முதலில் என் கால்தான் தப்பு என்று நினைத்தேன். மெதுவாக மிதித்துப் பார்த்தேன், அழுத்தி மிதித்துப் பார்த்தேன், ஏசி போடாமல் ஓட்டிப் பார்த்தேன். எப்படி ஓட்டினாலும் ஆறியிருந்தால் குலுக்கல் வராது, சூடானால் வந்துவிடும். கியர் ஆயில் குச்சியை உருவிப் பார்த்தால் சிவப்பாக இருக்க வேண்டிய எண்ணெய் கஷாயம் போலக் கறுத்து, தீய்ந்த வாடை அடித்தது. எல்லாவற்றையும் உனக்குச் சொன்னேன், நீயும் யாரையோ விசாரித்து, உள்ளே இருக்கும் தட்டுகள் தேய்ந்துவிட்டன, ஆயில் மாற்றினால் போகாது, கியர்பாக்ஸைப் பிரிக்க வேண்டும் என்றாய். என் பிள்ளைக்கு எவ்வளவு தெரிந்திருக்கிறது என்று அன்றைக்குப் பெருமைப்பட்டேன். அதே நீ மறுவாரம் காரை விற்றுவிடலாம் என்று ஸ்பீக்கரில் அப்பாவிடம், "ஆயில மட்டும் புதுசா மாத்திடுங்கப்பா, குச்சிய எடுத்துப் பாத்தா செகப்பா தெரியும். காலையில ஆறி இருக்கும்போதே காட்டுங்க, பாலக்கரை வரைக்கும் ஒரு ரவுண்டு போதும்" என்று சொன்னபோது நான் பக்கத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். கேட்டுக்கொண்டே அடுத்ததை உரித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வாங்க வந்தார்கள். அம்புஜவல்லி என்று பெயர், ஊர் சேத்தியாத்தோப்பு, இங்கே ஒரு செராமிக் கம்பெனியில் சூளைக்குப் போகும் சரக்கைச் சரிபார்க்கும் வேலை. பஸ் படியிலிருந்து விழுந்ததில் இடது முட்டியில் தகடு வைத்திருக்கிறார்கள், கிளட்ச் மிதிக்க முடியாது. நீ சொன்னபடி பாலக்கரை வரைக்கும் அவள் ஓட்ட, பக்கத்தில் அவள் கணவர் நடராசன், பின்னால் அப்பாவும் நானும். "எடது காலுக்கு இன்னிலேர்ந்து லீவு" என்று சிரித்தாள். "வாய்க்கும் சேத்து எழுதிக் குடுத்துடு, புண்ணியமா போவும்" என்றார் அவர். கண்ணாடியில் என்னைப் பார்த்து, "யக்கா, நீங்கதான ஓட்டுறீங்க, தொந்தரவு ஏதும் இருக்குதா?" என்று கேட்டாள். அப்பா முந்திக்கொண்டு, "சொன்ன பேச்சு கேக்கும்மா" என்றார். நான் மணிமுத்தாற்றை வேடிக்கை பார்ப்பவள் போல ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன், ஆற்றில் பார்க்கத் தண்ணீர்கூட இல்லை. வீட்டுக்கு வந்து வெற்றிலைத் தட்டில் அட்வான்ஸ் வைத்தார்கள், தட்டை நீட்டியவள் நான். நம் வீட்டில் முதல் டிகிரி என்னுடையது, உன்னை ஒன்றாம் வகுப்பில் விட்டுவிட்டு நான் காலேஜுக்கு ஓடுவேன். கேட்ட கேள்விக்கு உள்ளதைச் சொல்ல முடியாதவளுக்கு அந்தப் படிப்பு எதற்கு என்று, அவள் காபி குடித்த டம்ளரைக் கழுவும்போது அவ்வளவு வெட்கமாக இருந்தது.

நேற்று சாயங்காலம் அவள் கம்பெனி வாசலுக்கே காரோடு போய் நின்றேன். வேப்பூர் ரோட்டில் கொஞ்ச தூரம் போய்வரலாம் என்று ஏற்றிக்கொண்டேன், அவள் காலுக்கு ஏதும் ஆகிவிடக்கூடாது என்று நானே ஓட்டினேன். வேப்பூர் நெருங்கும்போது எஞ்சின் அலறியது, வண்டி முன்னால் போகவில்லை, பின்னால் வந்த லாரிக்காரர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. ஒரு உதை உதைத்துவிட்டு வண்டி நகர்ந்ததும் அவள் முட்டியைப் பிடித்துக்கொண்டு, "என்னக்கா இது, பேய் புடிச்சாப்ல இருக்குது?" என்றாள். ஓரங்கட்டி நிறுத்தினேன். சூடானால் இப்படித்தான், ஞாயிற்றுக்கிழமை சூடாக விடாமல் காட்டினோம் என்று ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். அவள் முட்டியை நீவிவிட்டுக்கொண்டாள். பிறகு, "இது தம்பிக்குத் தெரியுமா?" என்று உன்னைப் பற்றிக் கேட்டாள். அங்கேதான் கண்ணா, நான் இன்னொரு தப்பு செய்தேன். "அவன்தான் மறைக்காம காட்டிடும்மான்னு சொன்னான்" என்றேன். எதற்கும் வராத வாய் இதற்கு மட்டும் யோசிக்காமல் வந்தது. அவள் கண் கலங்கிப்போய், "இப்புடி ஒரு புள்ளய பெத்து வெச்சிருக்கீங்களே யக்கா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். கையை உருவிக்கொள்ளவும் முடியவில்லை, வைத்துக்கொள்ளவும் முடியவில்லை.

ராத்திரி அப்பாவிடம் நடந்ததைச் சொன்னேன், அட்வான்ஸை இன்று காலையில் அவரே கொண்டுபோய்த் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தார். "என்னய ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல" என்றார், ஆனால் சாப்பிட்டார். கார் வாசலில் நிற்கிறது. பிரித்துச் சரிசெய்வதா, பழுதைச் சொல்லியே விற்பதா என்பதை நீயும் அப்பாவும் பேசி முடிவு செய்யுங்கள். மறைத்து விற்பதற்கு இனிமேல் நான் தட்டு நீட்டமாட்டேன்.

ஆழத்துப் பிள்ளையாருக்கு உன் பெயரில் விளக்கு போட்டேன், எந்தக் குறையும் இல்லாமல் நீ நன்றாக இருக்க வேண்டும். வெந்நீர் குடி. அம்புஜவல்லி உன் நம்பரை வாங்கியிருக்கிறாள், வெள்ளிக்கிழமை உனக்கு லீவு என்று சொல்லியிருக்கிறேன், அன்றைக்குக் கூப்பிட்டு நன்றி சொல்வாள். போனை எடு. நான் சொன்னதைக் காப்பாற்று என்று கேட்க எனக்கு முகமில்லை, உண்மையைப் போட்டு உடைத்துவிடு என்று சொல்லவும் மனசில்லை, நீ என்ன பேசுவாயோ பேசு. ஆனால் அவள் நன்றி சொல்லும்போது உனக்குக் கூச வேண்டும். கூசியது என்றால் எனக்கு ஒன்றும் சொல்ல வேண்டாம். கூசவில்லை என்றால் மட்டும் அம்மாவுக்குப் போன் செய்.

உன் அம்மா,
வெண்மதி.