திதி இலைக்கு ஒரு கிண்ணம் உடோன்

அத்தானுக்கு,

இதெல்லாம் இப்படித்தான் வந்து நிற்கும் என்று நான் அன்றைக்கே சொன்னேன். நீங்கள்தான் நம்பவில்லை. நாலு படி இறங்கிப் போகிற அந்த ஜப்பான்காரர் கடை வாசலில் ஒரு நாள் ஊரே வரிசையில் நிற்கும் என்றேன். இன்று காலை கடை திறக்கும் முன்பே பனியில் இருபது பேர் நின்றார்கள். சரி, ஏழு பேர். நீங்கள் அங்கே உட்கார்ந்து உடோன் சாப்பிடுவீர்கள் என்றேன், சாப்பிட்டீர்கள். பெரிய டாக்டர் மூன்று மாதம் என்றபோது மூன்று வருஷம் என்று நான் சொன்னேன். நீங்கள் ஒரு வருஷமும் பத்து மாதமும் இருந்தீர்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள், டாக்டரைவிட நான்தான் கிட்டத்தில் வருகிறேன்.

இப்போது அக்கா வீட்டுக்கு, சென்ட்-ஆன் போகிற ரயிலில் உட்கார்ந்திருக்கிறேன். மடியில் அக்காவின் டிபன் கேரியர். மேலடுக்கில் உடோன், கீழடுக்கில் சாறு. பேன்ட்டையும் உள்ளே போட்டிருக்கிற கம்பளிக் கால்சட்டையையும் தாண்டித் தொடை சுடுகிறது. மூடியின் இடுக்கு வழியாக அந்த வாசனை வருகிறது. எதிரே இருக்கிற அம்மாள் இரண்டு தடவை மூக்கை உயர்த்திப் பார்த்துவிட்டாள். இன்று உங்கள் திதி. அக்கா இலை போட்டு வைத்துக் காத்திருக்கிறாள். கேரியர் போய்ச் சேர்ந்தால்தான் படையல். தொழிற்சாலையில் சட்டைக் கணக்கு எழுதுகிற அட்டையின் பின்பக்கத்தில் இதை எழுதுகிறேன். நான் எட்டாம் வகுப்புதான். ஒன்பதாம் வகுப்பு வாத்தியார் எனக்குப் பயந்து மாற்றல் வாங்கிக்கொண்டு போன கதை உங்களுக்குத் தெரியும். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

உலகக் கண்காட்சி நடந்த வருஷம் நீங்கள்தான் என்னைப் பிரெஞ்சு பேசுகிற இந்தப் பனி ஊருக்குக் கூப்பிட்டுக்கொண்டீர்கள். நீங்கள் கல்லூரியில் மண்ணைப் பற்றிப் பாடம் நடத்துகிற பெரிய மனுஷர். நான் செயின்ட்-மிஷேலில் ஒரு அறை எடுத்துக்கொண்டு, துணித் தொழிற்சாலையில் இஸ்திரி போட்டேன். ஊருக்கு எழுதிய கடிதத்தில் தொழிற்சாலையையே நான்தான் நடத்துகிறேன் என்று எழுதியிருந்தேன். அக்கா அதைப் படித்துவிட்டுச் சண்டைக்கு வந்தாள். நீங்கள் சிரித்தீர்கள். “விடு, நடத்தட்டும். நீராவி இல்லாம தொழிற்சாலை ஓடுமா?” என்றீர்கள்.

அப்புறம் உங்கள் உடம்பு கெட்ட அந்தக் குளிர்காலம் வந்தது. இரைப்பையில் கட்டி. வெட்டி எடுக்கலாம், ஆனால் இந்த எடையில் கத்தி வைத்தால் தாங்கமாட்டார், கொஞ்சமாவது சாப்பிட்டுத் தேறட்டும் என்று பெரிய டாக்டர் சொல்லிவிட்டார். நீங்களோ எதையும் தொடவில்லை. கடுகு வெடித்தால் குமட்டல். ரசம் கொதித்தால் குமட்டல். ஆஸ்பத்திரியில் கோழிச் சாறு கொடுத்தார்கள், ஆடுகிற ஜெல்லி கொடுத்தார்கள். “ஜெல்லி எலும்புலேர்ந்து எடுக்கது” என்று அதையும் தள்ளிவிட்டீர்கள். தீட்சை வாங்கிய சைவர். நெற்றியில் திருநீறு வைக்காமல் ஒரு வாய் தண்ணீர் குடிக்காதவர். அக்கா அடுக்களையில் சுவரைப் பார்த்து நின்றுகொண்டு அழுவாள். சத்தம் வராமல் இருக்கக் குழாயைத் திறந்துவிட்டிருப்பாள்.

“தம்பி, ஏதாவது செய்” என்றாள் ஒரு நாள். “உனக்குத்தான் ஊரெல்லாம் ஆள் தெரியுமே.”

எனக்கு ஒருத்தரையும் தெரியாது. தெரியும் என்று சொல்லி வைத்திருந்தேன், அவ்வளவுதான். மறுநாள் தொழிற்சாலைக்கு மட்டம் போட்டுவிட்டு நகரத்துக்குள் கடை கடையாக ஏறி இறங்கினேன். தாளிப்பு இல்லாத சாப்பாடு, எண்ணெய் நாற்றம் இல்லாத சாப்பாடு எங்கே கிடைக்கும் என்று மோந்து மோந்து பார்த்துக்கொண்டு நாய் மாதிரி அலைந்தேன். அப்படித்தான் அந்தக் கடை அகப்பட்டது. ஆறு மேசை, ஒரு நீளப் பலகை, அதற்குப் பின்னால் அவர், பக்கத்தில் அவர் மனைவி. கண்காட்சிக்குச் சமைக்க வந்தவர், இங்கேயே தங்கிவிட்டார். கிண்ணத்தில் உடோனைப் பார்த்தேன். நம் ஊர்ச் சேவையை ஒரு பயில்வான் விரல் கனத்துக்குப் பிழிந்துவிட்ட மாதிரி வெள்ளை வெளேரென்று இருந்தது. மேலே தெளிந்த சாறு, தேநீர் நிறம். கறி மாதிரி மிதந்த வெள்ளைத் துண்டுகளை எடுத்துவிடச் சொன்னேன். அந்த அம்மாள் எடுத்துவிட்டாள். கண்ணுக்குத் துண்டு தெரியவில்லை என்றால் சைவம். எனக்குத் தெரிந்த சாஸ்திரம் அவ்வளவுதான்.

சனிக்கிழமை என் ஓட்டைக் காரில் உங்களைக் கூட்டிப் போனேன். படி இறங்க என் தோளைப் பிடித்துக்கொண்டீர்கள். கோட்டுக்குள் ஆள் இருப்பதே தெரியவில்லை. கண்ணாடி ஜன்னலெல்லாம் ஆவி. உட்கார்ந்ததும் பையிலிருந்து சம்புடத்தை எடுத்துத் திருநீறு பூசிக்கொண்டீர்கள். அந்த அம்மாள் பார்த்துவிட்டுத் தலை குனிந்து ஒரு கும்பிடு போட்டாள்.

“இது எதுல பண்ணது மாப்ளே?”

“கோதுமை அத்தான். சாறு, கடல்ல விளையுற ஒரு கீரை.”

“கேட்டியா?”

“அடுப்பங்கரைக்கே போய்ப் பார்த்தேன்.”

பார்க்கவில்லை. நீங்கள் கிண்ணத்தை இரண்டு கையாலும் எடுத்து ஒரு மடக்குக் குடித்தீர்கள். நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன், வாந்தி எடுத்தால் ஓடத் தயாராக. இன்னொரு மடக்குக் குடித்தீர்கள். அப்புறம் குச்சியை வைத்துக்கொண்டு அந்த வழுக்குகிற உடோனோடு மல்லுக்கட்டினீர்கள். ஒன்று நழுவித் துள்ளி மூக்குக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டது. ரசத்தை உறிஞ்சினால் ‘எருமை’ என்று என்னைத் திட்டுகிறவர் நீங்கள். அன்றைக்குச் சுற்றிலும் அத்தனை பேரும் சத்தம் போட்டு உறிஞ்சிக்கொண்டிருந்தார்கள். நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். பிறகு கடையே திரும்பிப் பார்க்கிற மாதிரி ஓர் உறிஞ்சு. “எருமை” என்றேன். வாயில் உடோனோடு சிரித்தீர்கள். மூன்று மாதத்தில் அதுதான் முதல் சிரிப்பு.

அந்தக் குளிர்காலம் முழுக்கப் போனோம். சனிக்கிழமை போக மற்ற நாட்களில் நான் கேரியரில் கொண்டுவந்தேன். பதினாறு பவுண்டு ஏறினீர்கள். ஆஸ்பத்திரித் தாளில் ஆறு என்று எழுதியிருந்தார்கள், அவர்கள் தராசில் எனக்கு நம்பிக்கை இல்லை. அக்காவுக்கு மட்டும் ஒரு குறை. “அந்தக் கீரையை வாங்கிட்டு வா, நானே வைக்கேன்” என்றாள். எதையோ வாங்கிக் கொடுத்தேன். அவள் வைத்த சாற்றை ஒரு வாய் குடித்துவிட்டு, “நல்லாருக்கு, ஆனா அது வேற” என்று வைத்துவிட்டீர்கள். அவள் முகம் செத்துப்போயிற்று.

அது ஏன் வேறு என்று எனக்கு ஐந்தாவது வாரமே தெரிந்துவிட்டது. அன்று நீங்கள் கை கழுவப் போயிருந்தீர்கள். சமையல்காரர் ஒரு கோணியிலிருந்து மரச்சுருளை அள்ளிக் கொதிக்கிற தண்ணீரில் போட்டார். தச்சன் பலகை இழைக்கும்போது விழுமே, அப்படி. மரத்தையா போடுகிறார் என்று கையைக் காட்டிக் கேட்டேன். அவர் மனைவி சிரித்துக்கொண்டே “புவாஸோன்” என்றாள். தொழிற்சாலையில் என் பக்கத்தில் பொத்தான் தைக்கிற பெண்கள் வெள்ளிக்கிழமை தோறும் சாப்பிடுகிற வார்த்தை அது. மீன். காய்ந்த மீனைச் சீவி வைத்திருக்கிறார்கள்.

நீங்கள் வந்து உட்கார்ந்தீர்கள். கிண்ணமும் வந்தது. நான் சொல்லியிருக்க வேண்டும். அத்தான், உங்கள் கழுத்தைப் பார்த்தேன். சட்டைக் காலருக்கும் கழுத்துக்கும் நடுவே இரண்டு விரல் போகிற இடம் இருந்தது. அதற்கு முந்தின வாரம் மூன்று விரல் போகும். நான் சொல்லவில்லை.

அப்புறம் கத்தி வைத்தார்கள், பிழைத்தீர்கள், மறுபடி வந்தது, போய்விட்டீர்கள். நீங்கள் போய் ஒரு வருஷத்துக்குள் அக்காவுக்குத் தெரிந்துவிட்டது. பக்கத்து வீட்டுப் பேராசிரியர் மனைவி ஒரு ஜப்பான் சமையல் புத்தகம் காட்டியிருக்கிறாள், உடோன் சாறு மீனில் வைப்பது என்று அதில் போட்டிருந்ததாம். அக்கா இரண்டு பஸ் மாறி என் அறைக்கே வந்தாள். கோட்டைக் கழற்றவில்லை.

“அவுக தீட்சை வாங்கினவுக. கடைசிக் காலத்துல அவுக வாயில நீ மீனையா ஊத்துன?”

அப்போதுதான் அவளுக்குச் சொன்னேன், கடைசி வாரம் ஆஸ்பத்திரியில் நீங்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னதை. “மீன்னு எனக்குத் தெரியும் மாப்ளே. உங்க அக்காவுக்காக உயிரோட இருக்கணும்னு தெரிஞ்சேதான் சாப்பிட்டேன். நீ மனசுல வச்சுக்காத.” அக்கா என் கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். “எனக்காகவா?” என்று கேட்டாள். பிறகு அழுதாள். ஆனால் அது வேறு அழுகை. அன்றிலிருந்து யார் வந்தாலும் அதைச் சொல்கிறாள். சொல்லும்போது முகத்தில் ஒரு வெளிச்சம் வந்துவிடுகிறது. போன வாரம் போன் பண்ணினாள். “அவுக தெரிஞ்சே விரும்பிச் சாப்பிட்டதுதானே தம்பி. இந்தத் திதிக்கு இலையில அதையும் வைப்போம். அந்தக் கடையிலேயே வாங்கிட்டு வா.”

ஒரு வாரமாக நான் தூங்கவில்லை. இன்று காலை அந்தப் பலகை முன்னால் நின்று, இத்தனை வருஷத்தில் முதல் தடவையாகக் கேட்டேன். மீன் இல்லாமல் முடியுமா என்று. என் அரைகுறை பிரெஞ்சு, அரைகுறை இங்கிலீஷ். முடியாது என்று சொல்லிவிட வேண்டும் என்று உள்ளுக்குள் வேண்டிக்கொண்டேதான் கேட்டேன். அவர் மனைவி நெற்றியில் மூன்று விரலால் கோடு இழுத்துக் காட்டி, அவருக்கா என்றாள். ஆமாம் என்றேன். உள்ளே போய் அவரிடம் சொன்னாள். அவர் எட்டிப் பார்த்தார். எங்கள் ஊர்க் கோயில் சாமியார்கள் மீன் தொடமாட்டார்கள், அவர்களுக்குக் கடற்பாசியும் காளானும் மட்டும் போட்டு வைப்போம், அரை மணி நேரம் இரு என்றார்.

அரை மணி நேரம், அத்தான். அவ்வளவுதான். கேட்டிருந்தால் முதல் சனிக்கிழமையே கிடைத்திருக்கும். ஒன்றும் தெரியாதவன் என்று நீங்கள் நினைத்துவிடுவீர்களோ என்று, எல்லாம் விசாரித்துவிட்டேன் என்றேன். ஐந்தாவது வாரம் தெரிந்த பிறகாவது கேட்டிருக்கலாம். வேறு சாறு இருக்கும் என்கிற நினைப்பே எனக்கு வரவில்லை. உலகம் முழுக்கத் தெரிந்தவன் என்று பேர்.

கொதித்ததும் ஒரு கரண்டி குடித்துப் பார்த்தேன். நன்றாகவே இருந்தது. நீங்கள் குடித்திருப்பீர்கள்.

அடுத்த ஸ்டேஷன் நாம் இறங்குகிற இடம். இலையில் படைத்ததும் அக்கா கேட்பாள். “அவுக உன்கிட்ட சொன்னதை இன்னொரு தடவை சொல்லு தம்பி.” அவள் கேட்காத வருஷம் இல்லை. உங்களுக்கே எழுதுகிற மடலில்கூட அதை நடந்த மாதிரி எழுதிவிட்டேன், பாருங்கள். வாய் அப்படிப் பழகிவிட்டது.

கடைசி வாரம் நீங்கள் என் கையைப் பிடித்தது நிஜம். சொன்னது அது இல்லை. “சனிக்கிழமை கடை இருக்குமா மாப்ளே?” என்று கேட்டீர்கள். இருக்கும் என்றேன். மீனைப் பற்றி நீங்கள் ஒரு வார்த்தை பேசவில்லை. உங்களுக்குத் தெரியவே தெரியாது. அந்தக் கதையை நான்தான் கட்டினேன்.