புது பேட்டரி வந்துவிட்டது, அக்கா

அக்கா,

இன்று காலை வண்டியை எடுத்துப்போக சர்வீஸ் சென்டரிலிருந்து ஒருவர் வந்தார். பின்பக்க டிக்கியைத் திறந்தவர் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு மிகவும் தயங்கி, "மேடம், ஏதோ கருவாட்டு வாடை மாதிரி வருதுங்களே" என்றார். இத்தனை விலையுயர்ந்த காரில் அப்படி ஒரு வாடை வரும் என்பதை அவரால் நம்ப முடியவில்லை. "கருவாடேதாங்க" என்றேன். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து முடிப்பதற்குள் வாசல் கேட்டைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியதாயிற்று.

புது பேட்டரி வந்துவிட்டது, அக்கா. நீ இரண்டு வருஷம் காத்திருந்தாயே, அதே பேட்டரி. பழையதைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் இதைப் பொருத்திவிடுவார்களாம். ராமேஸ்வரம் போய், திரும்பி ஸ்ரீரங்கம் வந்து, அதற்குப் பிறகும் சார்ஜ் மிச்சமிருக்குமாம். அவர் சொல்லச் சொல்ல, உன்னிடம் சொல்ல வேண்டுமே என்று என் கால் தானாக உள்ளே நடந்துவிட்டது. கூடத்தில் உன் நாற்காலி காலியாக இருந்தது.

தென்னூரில் முப்பது வருஷம் நடத்திய மருத்துவமனையை மூடிய அந்த வருஷம்தான் நீ இந்தக் காரை வாங்கினாய். இருக்கிற கார்களிலேயே உயர்ந்த வகை, கருநீலம். அறுபத்து மூன்று வயதில் தனிக்கட்டையான ஒரு டாக்டருக்கு இது எதற்கு என்று சொந்தக்காரர்கள் கேட்டார்கள். "சத்தமே இல்லாத வண்டி, விஜி. முப்பது வருஷம் பிரசவ வார்டுல கத்தலையும் அழுகையையும் கேட்ட காதுக்கு இது வேணும்" என்று என்னிடம் மட்டும் சொன்னாய்.

சாயங்காலங்களில் நாம் கொள்ளிடக் கரைப் பக்கம் போவோம். கண்ணாடி ஏற்றியிருக்கும். நாணலும் மணலும் வானமும் ஒரு சத்தமும் இல்லாமல் பின்னால் நழுவிக்கொண்டே இருக்கும். நாம் நகர்கிறோமா, ஊர்தான் நகர்கிறதா என்று தெரியாது. சில நாள் எங்கும் போகாமல் வீட்டு வாசலிலேயே, புங்கமர நிழலில் நிற்கும் வண்டிக்குள் நீ உட்கார்ந்திருப்பாய். முன்னால் திரையில் தமிழ்நாடு விரிந்திருக்கும். இருக்கிற சார்ஜுக்கு எதுவரை போகலாம் என்று அதில் ஒரு வெளிர்பச்சை வட்டம் தெரியும். உன் விரல் புதுக்கோட்டை வழியாகத் தெற்கே இறங்கி, தேவகோட்டை தாண்டி, கடலுக்குள் மூக்கை நீட்டிக்கொண்டிருக்கும் மண்டபத்தில் போய் நிற்கும். மண்டபம் வட்டத்துக்குள்தான் இருந்தது. அங்கிருந்து திரும்பி வருவதுதான் வட்டத்துக்கு வெளியே.

"புது பேட்டரி வரட்டும். ஒரே மூச்சுல போயிட்டு ஒரே மூச்சுல வந்துடலாம். யார் வீட்டு வாசல்லயும் போய் நிக்க வேண்டாம்" என்பாய். தீபாவளிக்கு வரும் என்றார்கள். பிறகு தைக்கு என்றார்கள். மாதத்துக்கு ஒரு முறை ஷோரூமுக்கு போன் போடுவாய். உனக்குக் கடல் பார்க்கும் ஆசை என்று மற்றவர்கள் நினைத்தார்கள். மண்டபத்தில் யார் இருக்கிறார் என்பது எனக்குத் தெரியும்.

ஜெசிந்தா சிஸ்டர். இருபத்திரண்டு வருஷம் உன்னோடு வேலை பார்த்தவர். நான் வரவேற்பு மேசையில் இருந்தேன், கேஸ் ஷீட்டுகள் என் பொறுப்பு. திருவெறும்பூரிலிருந்து பிரசவத்துக்கு வந்த அந்தப் பெண்ணுக்கு ஒரு ஊசி மருந்து ஒத்துக்கொள்ளாது என்று ஜெசிந்தா முதல் நாளே ஷீட்டில் எழுதி வைத்திருந்தார். மறுநாள் அவசரத்தில் நீ அதே மருந்தை எழுதிக் கொடுத்தாய். வேறொரு நர்ஸ் போட்டுவிட்டாள். அந்தப் பெண் நீலம் பாரித்து, மூச்சுத் திணறி, நல்லவேளையாகப் பிழைத்தாள். அவள் வீட்டார் கூடிக் கத்தியபோது நீ சொன்னாய்: "சிஸ்டர் எங்கிட்ட சொல்லல."

ஜெசிந்தா உன்னைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அன்று சாயங்காலமே பெட்டியை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விட்டார். ஷீட் என் கையில் இருந்தது. மேலே, சிவப்பு மையில், அடிக்கோடு போட்டு எழுதியிருந்தது. நான் அதை அலமாரியில் வைத்துப் பூட்டினேன்.

பதினோரு வருஷம் நாம் இருவரும் அதைப் பற்றிப் பேசவே இல்லை. பேட்டரியைப் பற்றித்தான் பேசினோம்.

ஒரு நாள் காலை காபி குடிக்கும்போது, ஷோரூமில் இன்னும் ஆறு மாதம் என்கிறார்கள் என்று சொன்னாய். எனக்கு என்ன வந்ததோ, "அது வர்றதுக்குள்ள நம்ம மூணு பேர்ல ஒருத்தர் போய்ச் சேர்ந்துடுவோம்க்கா" என்றேன். நீ டம்ளரை வைத்துவிட்டு எழுந்து போனாய். அன்று முழுக்க என்னோடு பேசவில்லை. சாயங்காலம் விளக்கேற்றும்போது பின்னால் வந்து நின்று, "வண்டியை ஃபுல்லா சார்ஜ் போட்டு வை. காலையில கிளம்பலாம்" என்றாய்.

அந்தப் பயணத்தை இப்போது நினைத்தால் விழித்திருந்து பார்த்ததாகவே தோன்றவில்லை. பனைகள் ஒவ்வொன்றாக வந்து நம்மைப் பார்த்துவிட்டுப் போயின. கண்மாய்களில் வெளிச்சம் தட்டுத் தட்டாகக் கிடந்தது. ராமநாதபுரத்தில் ஒரு ஹோட்டலில் சார்ஜ் போட்டுக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தாய். அங்கிருந்த காவலாளி, "அது ஒரு வாரமா ஓடலீங்க" என்றார். நீ திரையைப் பார்த்தாய். நாற்பது சதவீதம். உன் முகத்தில் பயமும் நிம்மதியும் ஒன்றாக வந்தன. "திரும்பிடலாம் விஜி" என்றாய்.

"வீட்டுக்குத் திரும்ப இது பத்தாதுக்கா. மண்டபம் போகத்தான் பத்தும்."

சற்று நேரம் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தாய். பிறகு வண்டி கிழக்கே நகர்ந்தது.

சந்துக்குள் கார் நுழையவில்லை. முனையில் நிறுத்திவிட்டு நடந்தோம். இரண்டாவது வீட்டு வாசலில் சாக்கு விரித்து மீன் காயப்போட்டுக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. "டாக்டரம்மா!" என்று எழுந்தார். நீ எத்தனையோ நாள் உனக்குள் சொல்லிப் பார்த்திருப்பாய். ஆனால் உன் வாயிலிருந்து வந்தது, "ஜெசிந்தா, ஒரு பிளக் பாயிண்ட் வேணும்" என்பதுதான்.

அவர் உன்னைப் பார்த்தார், சந்து முனையில் நின்ற காரைப் பார்த்தார். "பெரிய பாயிண்ட்டு ஒண்ணுதான் இருக்கு, கிரைண்டருக்கு. அதைக் கழட்டிட்டு மாட்டிக்கலாம், வாங்க" என்றார். கார் ஒயர் எட்டவில்லை. பக்கத்து வீட்டில் தடிமனான ஒயர் வாங்கி, ஜன்னல் வழியாக வெளியே விட்டு, அவரும் நானும் சேர்ந்து மாட்டினோம். ஊருக்குத் திரும்பும் அளவுக்குச் சார்ஜ் ஏற எட்டு மணி நேரம் ஆகும் என்று திரை காட்டியது. அரை மணியில் கரண்ட் போய்விட்டது.

"சாயங்காலம்தான் வரும். குழம்பு கொதிக்குது, உக்காருங்க" என்றார் ஜெசிந்தா.

சாப்பிட்டுவிட்டுப் பின்வாசல் பூவரச மரத்தடியில் மூவரும் உட்கார்ந்திருந்தோம். கடல் அலையே இல்லாமல் பால் மாதிரிக் கிடந்தது. கரண்ட் இல்லாததால் மின்விசிறிச் சத்தம்கூட இல்லை. நீ தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாய்:

"நீ செவப்பு மையில எழுதியிருந்த. நான் பாக்கல. நான் பாக்காததை, நீ சொல்லலேன்னு சொல்லிட்டேன்."

"தெரியும் டாக்டரம்மா."

"ஏன் அப்பவே எல்லார் முன்னாடியும் சொல்லல?"

"அந்தப் பொண்ணு பொழைச்சுது. அதுவே போதும்னு இருந்துச்சு." ஜெசிந்தா ஒரு பூவரச இலையை எடுத்து மடித்துக்கொண்டிருந்தார். "ஆனா ஒண்ணு. நீங்க வருவீங்கன்னு நெனச்சேன். பஸ் ஸ்டாண்டுல மூணு பஸ்ஸை விட்டுட்டு உக்காந்திருந்தேன்."

நீ அழுது நான் பார்த்ததில்லை, அக்கா. அம்மா போனபோதுகூட நீ அழவில்லை. அன்று அழுதாய். ஜெசிந்தா உன் தோளைத் தொடவில்லை, சமாதானமும் சொல்லவில்லை. பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். பிறகு உள்ளே போய் ஒரு துண்டைக் கொண்டுவந்து உன் மடியில் வைத்தார். "மொகத்தைக் கழுவிக்கிட்டு வாங்க. டீ போடறேன்." நான் என்ன செய்தேன் தெரியுமா? கரண்ட் வந்துவிட்டதா பார்க்கிறேன் என்று எழுந்து காருக்குப் போய்விட்டேன். கரண்ட் வரவில்லை என்று எனக்குத் தெரியும்.

மறுநாள் மதியம்வரை அங்கேயே இருந்தோம். பழைய வார்டுக் கதைகளைப் பேசி நீங்கள் இருவரும் சிரித்ததைச் சமையலறையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். கிளம்பும்போது ஜெசிந்தா ஒரு பொட்டலத்தை டிக்கியில் வைத்தார். "நெத்திலி. வாடை அடிக்கும், பரவால்லையா?" என்றார். "அடிக்கட்டும்" என்றாய்.

ஐந்து மாதம் கழித்து ஒரு காலைப்பொழுதில் நீ நாற்காலியில் உட்கார்ந்தபடியே போய்விட்டாய். தகவல் சொன்னதும் ஜெசிந்தா பஸ் பிடித்து வந்துவிட்டார். எல்லாம் முடிந்து ஆட்கள் கலைந்த பிறகு கிணற்றடியில் அவரிடம் சொன்னேன்: "சிஸ்டர், அந்த ஷீட்டைப் பூட்டி வச்சது நான்தான்."

"சாவி உங்ககிட்டதானே இருந்துச்சு, விஜயாம்மா. வேற யாரு பூட்டியிருப்பா?" என்றார். கொஞ்சம் பொறுத்து, "காலையிலேர்ந்து ஒண்ணும் சாப்பிடலியே நீங்க, வாங்க" என்று என் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனார். பதினோரு வருஷத்தில் நான் கேட்க வேண்டியிருந்த மன்னிப்பு, நான் வாய் திறந்து கேட்பதற்கு முன்பே முடிந்துபோனது. அது எனக்கு இன்னும் கூச்சமாகத்தான் இருக்கிறது.

பேட்டரியை மாற்றச் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். நல்ல பேட்டரிதான், உனக்குப் பிடித்திருக்கும். பழையதை நினைத்து எனக்கு வருத்தமில்லை. ஆனால் அந்தப் பழைய பேட்டரியோடு நாம் திரும்பி வந்த சாயங்காலம் ஒன்று இருக்கிறது. அதை நீ அறியமாட்டாய், ஏனென்றால் நீ தூங்கிக்கொண்டிருந்தாய்.

அன்றுதான் முதல்முறையாகச் சாவியை என்னிடம் கொடுத்தாய். தேவகோட்டை தாண்டுவதற்குள் உன் தலை சாய்ந்துவிட்டது. இத்தனை வருஷத்தில் நீ அப்படி, வாயைச் சற்றே திறந்து, குழந்தை மாதிரித் தூங்கி நான் பார்த்ததில்லை. விமான நிலையம் கடந்தது. காவிரிப் பாலம் ஏறியபோது ஆறு முழுக்கச் சிவப்பாக இருந்தது. திருவானைக்காவல் பிரிவு வந்தது. திரும்பினால் பத்து நிமிடத்தில் வீடு. திரை ஒன்பது சதவீதம் என்றது. நான் திரும்பவில்லை. நேராகக் கொள்ளிடம் தாண்டி, சமயபுரம் வரை போனேன். கொள்ளிடப் பாலத்தின் இணைப்பில் வண்டி லேசாகக் குலுங்கியபோது நீ கண்ணைத் திறக்காமலே கேட்டாய்:

"ஊர் வந்துடுச்சா, விஜி?"

"இன்னும் கொஞ்ச தூரம் இருக்குக்கா. தூங்கு."

நீ தூங்கினாய். நான் உன்னிடம் சொன்ன கடைசிப் பொய் அதுதான். அதை மட்டும் யாரிடமும் சொல்லித் தீர்த்துக்கொள்ளாமல் என்னோடு வைத்திருக்கிறேன்.

உன்,
விஜி