போணிக்கு முன்னால ஒரு கட்டு

சங்கரன்கோவில்
20-6-81

அன்பு மகன் வெள்ளத்துரைக்கு அம்மா எழுதுவது. கோமதியம்மன் புண்ணியத்துல நான் எந்திரிச்சு நடமாடிக்கிட்டு இருக்கேன், அங்கன பம்பாய்ப் பக்கம் பீவண்டில நீயும் உன் தறியும் ஒரு குறையும் இல்லாம ஓடணும்னு கும்பிடுதேன்.

மனசு ஒரு இடத்துல நிக்கல மக்கா. உன் தங்கச்சி பேச்சிக்கு இது ஏழாம் மாசம். திங்கக்கிழமை ஆஸ்பத்திரில ரத்தம் பாத்தாவ, போன தடவைய விடக் கொறஞ்சிருக்காம். இப்படியே இருந்தா பிரசவத்துல உசுருக்கே ஆபத்து, கீரை காய் வாங்கிக் குடுக்க மாட்டீயளான்னு டாக்டரம்மா என்னையப் பாத்துக் கேக்காவ. மார்க்கெட்டுல கீரை விக்கிறவளப் பாத்து இந்தக் கேள்வி! நாக்கப் புடுங்கிக்கிட்டுச் சாகலாம் போல இருந்துச்சு. அவ வாக்கப்பட்ட மேலநீலிதநல்லூர்ல மழை பெஞ்சாத்தான் பச்சையக் கண்ணுல பாக்க முடியும்னுதானே, ரெண்டு மாசமா தினமும் சாயங்காலம் கடைசி பஸ்ல கண்டக்டர் தாவீது தம்பிகிட்ட ஒரு கட்டு குடுத்து விடுதேன். கேக்கும்போதெல்லாம் சாப்பிட்டேம்மா சாப்பிட்டேம்மான்னுதான் சொன்னா. ஆஸ்பத்திரி வாசல்ல வச்சு, ஏட்டி உண்மையச் சொல்லுன்னு உலுக்குன பொறவுதான் அழுதுக்கிட்டே சொல்லுதா. பஸ் போய்ச் சேரும்போது விளக்கு வச்சிருவாவளாம், விளக்கு வச்ச பொறவு அந்த வீட்டுல கீரை ஆக்க மாட்டாவளாம். பகல் பூரா இங்கன வெயில்ல கெடந்த கட்டு விடியுமுன்ன அழுகிரும், மாமியாக்காரி ஆட்டுக்குப் போட்டுருவாளாம். ரெண்டு மாசமா ஆடு தின்னு கொழுத்திருக்கு!

ஏன் மூதி சொல்லலைன்னு கேட்டேன். வித்தது போக மிஞ்சினதத்தானே அனுப்புத, அதுக்கும் குறை சொல்லணுமான்னு இருந்துட்டேன்னு சொல்லுதா. செருப்பால அடிச்ச மாதிரி இருந்துச்சு. நெசந்தானே. விடியக்காலம் வந்து இறங்குத புதுக் கட்டுகளையெல்லாம் ஊருக்கு வித்துட்டு, ஒருத்தரும் தொடாததப் பெத்த மகளுக்கு அனுப்பியிருக்கேன். போணி ஆகுமுன்ன ஓசி குடுத்தா அன்னைக்கு யாவாரம் படுத்துரும்னு ஒரு வழக்கம், அந்த வழக்கத்துல மண்ணைப் போட. செவ்வாக்கிழமையிலேர்ந்து மூட்டைய அவுத்ததும் மொதக் கட்டு மொத பஸ்ஸுக்குத்தான் போவுது. பக்கத்துக் கடை மீரா பீவி அக்கா உனக்குக் கோட்டி பிடிச்சிருச்சான்னு ஏசுனா, மறுநாள் அவளே நான் பாக்காத நேரமாப் பாத்து ரெண்டு தக்காளிய உள்ள திணிக்கா. நேத்து தாவீது தம்பி சொல்லுது, அங்கன பஸ் நிக்கிற இடத்துல ஆஸ்பத்திரிச் சீட்டோட இன்னும் மூணு பொம்பளைக நிக்காவளாம், எங்களையும் கீரை திங்கத்தான் சொன்னாவ, நாங்க எங்க போய் வாங்கன்னு கேக்காவளாம். நான் எத்தனை பேருக்கு அனுப்ப? அனுப்பாமத்தான் எப்படி இருக்க? நாளைக்கு நாலு கட்டு போடுதேன், ஆனது ஆகட்டும். அடுத்த மாசம் திரும்ப ரத்தம் பாப்பாவ, அதுவரைக்கும் எனக்குச் சோறு இறங்காது.

இன்னொண்ணு. உன் பழைய லெட்டரையெல்லாம் எடுத்து வச்சுப் பாத்தேன். நேரத்துக்குச் சாப்பிடுதேன், நல்லா இருக்கேன்னே எல்லாத்துலயும் எழுதியிருக்க. முந்தி அதப் படிச்சா நிம்மதியாத் தூங்குவேன், இப்ப பயமா இருக்குலே. சங்கரலிங்க சாமி உனக்குத் தொணை நிக்கட்டும், நல்லா இருப்ப. பதில்ல நலம்னு எழுதாத, அன்னைக்கு என்ன சாப்பிட்டேன்னு எழுது.

உன் அம்மா
சங்கரம்மாள்